நம்பர் இல்லாத ரத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பதினாறு வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். யாராவது வெளுத்த முகத்தோடு எதிரில் வந்தால் போதும், ஹீமோகுளோபின் ஒன்பதுக்குள்தான் இருக்கும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போன தடவைகளை நான் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

ரத்தம் கம்மியாக இருக்கிறதா, பீட்ரூட் சாப்பிடு என்று போகிற போக்கில் வைத்தியம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரத்தசோகை என்பது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. உள்ளே ஏதோ சரியில்லை என்று உடம்பு கொடுக்கும் புகார் அது. இரும்புச்சத்து போதாமல் வரும். பி12 வைட்டமினோ ஃபோலிக் ஆசிட்டோ போதாமல் வரும். மாதவிலக்கில் அதிகமாகப் போய் வரும், குடல் புண்ணில் கசிந்து வரும், சிறுநீரகம் கெட்டால் வரும். பரம்பரையாகவே சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இரும்பு குறையாத போதும் மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் அது உபகாரம் இல்லை, உபத்திரவம். இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டுக்குள்ளேயே கோட்டைவிட்டேன்.

கோட்டைவிட்டது என் நாத்தனார் விஷயத்தில். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், ஊர் முழுக்க பிரேக் அக்கா என்று கூப்பிடும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்த மாதிரிக் காரில் இடப்பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். அந்த பிரேக்தான் அண்ணியின் வாழ்க்கை. சிக்னலில் எங்களை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரரிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் வரை பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றவர்கள். அவர் வாய்க்கும் கொஞ்சமும் பிரேக் கிடையாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன வருஷம் அண்ணி படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், மெஷின் சத்தம் மாறினால் உடனே காது கொடுப்பார், மனுஷர்கள் விஷயத்தில் கொஞ்சம் லேட். அவரே கவலைப்பட்டு அக்காவுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடு என்றார். எடுத்தேன். எங்கே தப்பு நடந்தது என்று புரிய வேண்டுமானால், எங்கள் கூடத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

யார் வந்தாலும் கவுண்டரில் பதிவு செய்தால் ஒரு நம்பர் விழும். ரத்தக் குழாயின் மேல் அந்த நம்பரை ஒட்டி மெஷினில் வைப்போம். மெஷின் ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் எண்ணித் துப்பிவிடும். ஏதாவது எண் இசகுபிசகாக இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். நட்சத்திரம் விழுந்த நம்பர்களை கம்ப்யூட்டர் தனியாகப் பட்டியல் போட்டுத் தரும். அந்தப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவரின் ரத்தத்திலும் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் தீற்றி, சாயம் போட்டு, மரத்தட்டில் அடுக்குவோம். மத்தியானம் நானும் எங்கள் டாக்டரம்மாவும் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முன்பின் தெரியாத ஆளுக்கும் இந்த மரியாதை உண்டு.

சொந்தக்காரர்களுக்கு இது கிடையாது. அவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். நாங்கள் டீ குடிக்கிற மூலையில் ஸ்டூலில் உட்காரவைத்து ரத்தம் எடுப்போம். குழாயில் பென்சிலால் மாமா, சித்தி, எதிர்வீட்டுத் தாத்தா என்று எழுதி, இரண்டு நம்பர்களுக்கு நடுவில் மெஷினில் சொருகுவோம். சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவோம். நம்பர் இல்லாததால் பட்டியலில் வராது, பட்டியலில் வராததால் ஸ்லைடும் கிடையாது. வரிசையில் நிற்காமல் காரியம் முடிகிறதே என்று சொந்தபந்தமெல்லாம் எங்களை மெச்சிக்கொண்டது. நாங்களும் பெரிய சலுகை செய்கிற நினைப்பில் மிதந்தோம்.

அண்ணியின் குழாயில் அண்ணி என்று எழுதினேன். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நான்கு. சிவப்பணுவின் சராசரி அளவு எண்பத்தெட்டு, எண்பதிலிருந்து நூறு வரை இருக்கலாம் என்பதால் அது சரி. அதற்குக் கீழே, அணுக்களின் அளவில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அந்த மெஷின் வயசானது, யாருக்கு வேண்டுமானாலும் நட்சத்திரம் போடும் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெண், நாற்பத்தேழு வயது, நேரத்துக்குச் சாப்பிடாத வேலை, இரும்புதான் கம்மி என்று தீர்ப்புச் சொல்லி, எங்கள் மருந்தகத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் கலந்த மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்று அண்ணி கேட்டார். எதற்கு, நான் இல்லையா என்றேன்.

மூன்று மாதம் கழித்து, மறுபடியும் பின்வாசல் வழியாக, மறுபடியும் பென்சில் எழுத்தில் பார்த்தபோது ஒன்பது புள்ளி எட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, மூச்சு பரவாயில்லை, ஆனால் பாதம் ஒரு மாதிரி மரத்துப்போகிறது, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான், செருப்பை மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். அடுத்த வாரம் செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் வாசல் வரை நடந்து வந்தார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண்மணி திருப்பத்தில் பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். கற்றுக்கொள்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை செய்கிற காரியம்தான். அண்ணி தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டில் ஏறி, முன்விளக்கு உடைந்து நின்றது. நல்லவேளையாக யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மணலுக்கு நாலு அடி தள்ளி ஒரு ஸ்கூல் வேன் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணி கைகழுவப் போகாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை.

"மிதிச்சேன் தம்பி. மிதிச்சேன்னுதான் நெனைச்சேன். குனிஞ்சு பார்த்தா, கால் பிரேக்ல இல்ல, கீழ மேட் மேல கெடக்கு."

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வேனை அவரும் பார்த்திருக்கிறார். இனிமேல் ஆபீஸில் உட்கார்ந்து சாலை விதிகளைப் பாடம் எடுங்கள், கால் சரியாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு அது அரை உயிர் போன மாதிரி. கையில் குச்சியோடு சுவரில் இருக்கிற படங்களைக் காட்டிக்கொண்டு காலம் தள்ளுவதற்கு வேலையையே விட்டுவிடலாம் என்று புலம்பினார்.

அந்த நேரத்தில் நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவள் நான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் உடம்பில் தெம்பு இருந்திருக்கும், நீங்கள் டீயோடு சேர்த்து விழுங்குகிறீர்கள், டீயோடு போட்டால் இரும்பு சேராது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காலு மரத்துப்போகுதுன்னு நாலு மாசமா சொல்றேன். நீ சீட்டை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்க. உன் மெஷினுக்கு என் காலு தெரியாதும்மா."

அன்றோடு பேச்சு நின்றது, மாத்திரையும் நின்றது. ஒரே வீட்டில் ஆறு வாரம் இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் நான் வகுப்பே எடுப்பேன். துண்டு காய்ந்துவிட்டதா என்று அவளிடம் கேள் என்பார் அண்ணி, நான் ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். காய்ந்துவிட்டது என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்பேன். நடுவில் மாட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட லிஃப்டில்கூட இவ்வளவு நேரம் இருந்ததில்லை என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னார்.

அண்ணி அந்த டாக்டர் எழுத்துக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தது எனக்குத் தெரியாது. முன்வாசல் வழியாக வந்து, சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து பொது மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அவர் ரத்த டெஸ்ட் எழுதிக்கொடுக்க, கவுண்டரில் பதிந்து, நான் உள்ளே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மத்தியானம் மரத்தட்டு வந்தது. ஏழாவது ஸ்லைடை வைத்துக் கண்ணைப் பதித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படி ஒன்று அமைவது அபூர்வம். நடுவில் வெளுத்துப்போன சின்னச் சின்ன சிவப்பணுக்கள், இரும்பு இல்லாததன் அடையாளம். அவற்றுக்குப் பக்கத்திலேயே முட்டை வடிவத்தில் பெரிய பெரிய சிவப்பணுக்கள், பி12 இல்லாததன் அடையாளம். வெள்ளணுவின் உட்கரு மூன்று நான்கு துண்டாக இருக்க வேண்டியது, ஆறு துண்டாகப் பிரிந்து கிடந்தது. அதுவும் பி12 கதையைத்தான் சொன்னது. ஒரே உடம்பில் இரண்டு ரத்தசோகை.

மெஷின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். சராசரி அளவு தொண்ணூற்றிமூன்று, ரொம்ப ஒழுங்கு. சின்னதையும் பெரியதையும் கூட்டி வகுத்தால் நடுவில்தானே வரும்? ஒரு வீட்டில் ஆறடி அப்பாவும் மூன்றடிக் குழந்தையும் இருந்தால் சராசரி நாலரை அடி. நாலரை அடியில் அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை. ஏற்றத்தாழ்வைச் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் இருந்தது.

நான் உற்சாகத்தில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்குக் காலில் மரமரப்பு இருக்குமே, யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேட்டார். பதிவுச் சீட்டைத் திருப்பினேன். மருத்துவரின் கையெழுத்தில், ஏழு மாதம் இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் எடுத்திருக்கிறார், பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே போகிறது என்று இருந்தது.

"பி12 பாக்காம ஃபோலிக் ஆசிட்டக் குடுத்த புத்திசாலி யாரு டாக்டர்? ரத்தம் கொஞ்சம் ஏறின மாதிரி காட்டும், உள்ள நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கிட்டே இருக்கும். இது அடிப்படைப் பாடமாச்சே."

இதைச் சொன்னது நான்தான், என் வாயால்தான். சொல்லிக்கொண்டே சீட்டின் கீழ்ப்பகுதியைப் பார்த்தேன். பெண், நாற்பத்தேழு. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் ஒரு ஃபோன் நம்பர். அது என்னுடைய நம்பர். உறவு என்ற இடத்தில், தம்பி மனைவி என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். ஆறு வாரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

சீட்டைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். டாக்டரம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, தெரிந்தவரா என்று கேட்டார். பின்வாசல், பென்சில், ஃபிரிட்ஜ் கதவு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. நானும் என் அத்தையின் ரத்தத்தை இப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். முன்பின் தெரியாதவர்களுக்கு முழு வேலையையும் செய்துவிட்டு, நம் வீட்டு மனுஷர்களுக்குப் பாதி வேலையைச் செய்திருக்கிறோம். பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மிச்சமிருந்த ரத்தத்தை அவரே அனுப்பினார். சாதாரணமாக இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும், தொண்ணூற்றிரண்டு வந்தது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் எண் பதினைந்துக்கு மேலாவது இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தயாராக வந்து நின்றார், அவரை உள்ளே போகச் சொன்னேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும், அது அவருக்கு இன்னொரு வேலை என்று அடக்கிக்கொண்டேன்.

"அண்ணி, தப்பு உங்க மேல இல்ல, டீ மேலயும் இல்ல. தப்பு என்னோடது. ஒரு சொட்டை ஸ்லைடுல வச்சு நான் பாத்திருக்கணும். பாக்கல. நீங்க காலு காலுன்னு சொன்னப்பவும் கேக்கல."

பிறகு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். சேதம் எவ்வளவு, கால் முழுசாகத் திரும்புமா என்று எனக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். இனிமேல் உங்கள் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், என்ன செய்ய வேண்டுமோ டாக்டர் சொல்வார் என்று முடித்தேன்.

அண்ணி மடித்த துணியை ஓரமாக வைத்தார். முகத்தில் கோபம் இருந்தது, நிஜமான கோபம். அதை ஒளிக்கவும் இல்லை.

"நல்லாத் திட்டணும்போல இருக்கு. திட்டுவேன், அது அப்புறம். ஆனா ஒண்ணு. ஓட்டத் தெரியாம இடிக்கிறவங்களை நான் வண்டியவிட்டு இறக்கினதே இல்ல. இடிச்சுட்டோமேன்னு பயந்து ஸ்டீயரிங்லருந்து கைய எடுத்துடுறாங்க பாரு, அவங்களைத்தான் எறக்கிவிடுவேன். நீ கைய எடுக்காத. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வா."

போனோம். முன்வாசல் வழியாக, நம்பர் வாங்கிக்கொண்டு. மருத்துவர் இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டினார், அது ரீங்காரமிட்டு அதிர்ந்தது. அதன் அடிப்பகுதியை அண்ணியின் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள் என்றார். அண்ணி குழப்பமாக அவரைப் பார்த்தார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே டாக்டர்."

அந்த ரீங்காரம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் அதைக்கூடச் செய்திருக்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்களின் லட்சணத்தைப் பார்த்து வயிறு எரிகிறது என்று சொல்லி, நெஞ்செரிச்சல் மாத்திரையை ஏழு வருஷமாகத் தினமும் தானாகவே வாங்கிப் போட்டிருக்கிறார் அண்ணி. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சாப்பாட்டிலிருந்து பி12 பிரியும், இரும்பும் சேரும். அமிலத்தை வருஷக்கணக்கில் அடக்கிவைத்தால் இரண்டும் மெல்ல மெல்ல வற்றிப்போகலாம். கூடவே மாதவிலக்கில் பத்து நாள் ரத்தம் போயிருக்கிறது. இந்த வயதில் அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம் வரத்து இல்லை, இன்னொரு பக்கம் போக்கு. ஸ்கேனில் கருப்பையில் சின்னக் கட்டி தெரிந்தது, அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்து, வேறு வில்லங்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்.

பி12 ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள். இரும்பு மாத்திரையாகச் சேராது என்பதால் நரம்பு வழியாக இரண்டு தடவை ஏற்றினார்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார், அதற்குப் பதிலாக நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றார். கால் திரும்புமா என்று அண்ணி நேரடியாகக் கேட்டார். ரத்தம் இரண்டு மாதத்தில் சரியாகும், நரம்புக்கு வாக்குக் கொடுக்க முடியாது, ஆறு மாதமோ ஒரு வருஷமோ பொறுத்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார் அவர். அண்ணி சொல்லியும் நான் கேட்காமல் விட்ட அந்த நாலு மாதம் என் தலையில் சம்மட்டி மாதிரி இறங்கியது.

ஊசி ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஸ்லைடில் புதுச் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. நம்பர் போட்ட ஸ்லைடு. எங்கள் கூடத்தின் பின்வாசலில் இப்போது பூட்டு தொங்குகிறது, டாக்டரம்மாவின் கணவரே வந்தாலும் கவுண்டரில் நின்று நம்பர் வாங்க வேண்டும். சொந்தபந்தம் எங்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

முகத்தில் ரத்தம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தோம். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் இன்னும் பாதியில் இருப்பதைக் கேலி செய்தார். ஆனால் கால் மட்டும் அப்படியே கிடந்தது. இரண்டாம் மாதம் பாதம் எரிந்தது. மரத்துக் கிடந்ததற்கு எரிவதே தேவலை என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் அண்ணிதான். தினமும் வேலைக்குப் போகும் முன் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஒரு பஞ்சையும் சீப்பின் பல்லையும் மாற்றி மாற்றிப் பாதத்தில் வைப்பேன், எது என்று அவர் சொல்ல வேண்டும். நாலாம் மாதம் வரை குத்துமதிப்புதான். தப்பாகச் சொன்ன நாட்களில் இருவருமே காலை டீயைப் பாதியில் வைத்துவிடுவோம். ஆபீஸில் குச்சியை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார், ஜன்னல் வழியாக ஸ்கூல் கார்கள் போவதைப் பார்ப்பதில்லை என்று முதலாளி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். ஏழாம் மாதம் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். ஒன்பதாம் மாதம் மருத்துவர் மறுபடியும் அந்தக் கவையைத் தட்டி வைத்தபோது, அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இப்போது நின்றுவிட்டது என்றார். மருத்துவர் எழுதிக்கொடுத்தார். வலது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்திருக்கிறது என்பதையும் நேர்மையாக எழுதினார்.

முதலாளி காகிதத்தைப் படித்துவிட்டு, முதலில் காலி மைதானத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். ஓட்டுகிறவர் சீட்டில் யாரை உட்காரவைப்பது என்று பேச்சு வந்தது. அண்ணி என்னைக் கைகாட்டினார். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வேறு யாரையும் அந்த சீட்டில் வைத்துச் சோதனை பண்ண எனக்கு மனசு வரவில்லை, நீதான் வர வேண்டும் என்றார். மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த மைதானம் அது. தூரத்தில் காலி அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் என் வீட்டுக்காரரும் முதலாளியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டார். கிளட்ச், கியர் என்று இருபது நிமிஷம் என்னைப் பாடாய்ப் படுத்தினார். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு பெட்டிகளுக்கு நேராகத் திருப்பச் சொன்னார்.

"நேரா போ. ஆக்ஸிலேட்டரை மிதி. நீ பிரேக் போடக் கூடாது, கைய எடுக்கவும் கூடாது. என்ன ஆனாலும்."

மிதித்தேன். பெட்டிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பெட்டிகளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத்தைப் படிக்கும் தூரம் வந்துவிட்டது. என் வலது கால் தானாகத் துடித்தது, பிரேக் பக்கம் போகத் தவித்தது. போகவிடவில்லை. அவர் பாதத்தை நான் பார்க்கவில்லை, கையை எடுக்காமல் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்துபோனது. முன்பக்கத்துக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் இரண்டு சாண் இருந்திருக்கும். ஓரத்தில் என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூட ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

அண்ணி குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதம் இன்னும் பிரேக்கின் மேலேதான் இருந்தது. கால் கட்டைவிரலால் அதை மேலும் கீழும் மெதுவாகத் தடவினார்.

"இதுல கோடு கோடா ரப்பர் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா மிதிக்கிறேன், ஒருநாளும் கவனிச்சதில்ல. ஒவ்வொரு கோடும் தெரியுது."